பிரேக் பெடல் இறுகினால் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவது தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், பழைய கார் வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்ட கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் படித்தேன். பிரேக் பெடல் இறுகிவிட்டது, முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கிறது என்று அவர் எழுதியிருந்தார். மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. பழைய கார்களின் பிரேக் வேலையையே தொழிலாகச் செய்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தப் பதிலை நம்பி அவர் செலவு செய்தால் பெடல் அநேகமாக அப்படியேதான் இருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம். அது கெட்டால் பெடல் இறுகாது, இறங்கும். உள்ளே இருக்கும் ரப்பர் கப் தேய்ந்தோ கிழிந்தோ போனால், அழுத்தத்தில் இருக்கும் ஆயில் கப்பைத் தாண்டிப் பின்பக்கம் போய்விடும். சிக்னலில் பெடலை லேசாக மிதித்தபடி நிற்கும்போது கால் மெதுவாகத் தரையை நோக்கிப் போகும். வெளியே ஒரு சொட்டுகூடக் கசிந்திருக்காது. பெடல் மெத்தென்று இருந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலே வருகிறதா? டிரம் பிரேக் வண்டியில் முதலில் ஷூ அட்ஜஸ்ட்மென்டை, அதாவது ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கல்லை மிதிப்பது போல இருந்தால் மட்டும், இன்ஜினின் உறிஞ்சு விசையால் காலின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் பக்கம் போக வேண்டும்.

பூஸ்டரைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் வாக்கம் (அந்த உறிஞ்சு விசை) தீரும்வரை பெடலைப் பலமுறை மிதியுங்கள். அப்புறம் பெடலை அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் நன்றாக இருந்தால் இன்ஜின் பிடித்ததும் பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கும். அசையவே இல்லை என்றால் பூஸ்டருக்கு வாக்கம் வரவில்லை, அல்லது வந்தும் அது வேலை செய்யவில்லை. பெடலை மிதிக்கும்போது உஸ்ஸென்று விடாமல் சத்தம் வந்து ஐடிலிங்கும் தடுமாறினால் உள்ளே இருக்கும் ரப்பர் தகடான டயாபிரம் கிழிந்திருக்கிறது என்று ஏறக்குறைய முடிவே செய்யலாம்.

ஆனால் உடனே பூஸ்டரைக் கழற்றாதீர்கள். இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்கு வரும் ஹோஸைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் வெளியே நன்றாகத் தெரிந்து, வளைவில் மட்டும் வெடித்திருக்கும். சில ஹோஸ்கள் உள்பக்கம் உப்பி வழியையே அடைத்திருக்கும். ஹோஸோடு இருக்கும் ஒருவழி வால்வையும் வாயால் ஊதிப் பாருங்கள். காற்று இன்ஜின் பக்கம் மட்டுமே போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. அதுவும் சரி என்றால் ஹோஸின் பூஸ்டர் முனையில் வாக்கம் கேஜ் வையுங்கள். நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் பாதரச அளவில் 18 அங்குலத்தை ஒட்டிக் காட்டும். 15-க்குக் கீழே நின்றால் குறை பூஸ்டரில் இல்லை; வால்விலோ டைமிங்கிலோ, கார்புரேட்டர் கேஸ்கெட்டிலோ தேட வேண்டும். பூஸ்டரைத் திறந்து பார்ப்பதை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். உள்ளே அமுக்கி வைத்த பெரிய ஸ்பிரிங் இருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டரே பூஸ்டரைக் கெடுப்பதும் உண்டு. அதன் பின்பக்க சீல் கசிந்தால் ஆயில் தரையில் சொட்டாது, நேராகப் பூஸ்டருக்குள் போகும். டயாபிரம் ஊறி வீணாகும். உறிஞ்சப்பட்ட ஆயில் இன்ஜினுக்குப் போய் வெள்ளைப் புகையாக வெளியே வரும். ரிசர்வாயரில் ஆயில் குறைகிறது, எங்கேயும் கசிவு இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைக் கழற்றி, பைப்புகள் மடங்காமல் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்னால் விரல் வைத்துப் பார்த்தால் போதும். ஈரம் இருந்தால் அங்கேதான் கசிகிறது. அப்போது இரண்டையும் சேர்த்துத்தான் சரி செய்ய வேண்டும்.

இன்னொன்றை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் புதிய மாஸ்டர் சிலிண்டர் மாட்டிய பிறகுதான் அந்தத் தொல்லை ஆரம்பிக்கும். ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். வேறொரு இடத்தில் மாஸ்டர் சிலிண்டர் மாற்றியிருந்தார்கள். கிளம்பும்போது பிரேக் அருமை. கொஞ்ச தூரம் ஓடியதும் பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பித்து, சக்கரத்தில் கைவைக்க முடியாத சூடு. ஆற விட்டால் மறுபடி சரியாகிவிடும். அதனால் அந்த மாஸ்டர் சிலிண்டரையும் கழற்றி, வேறு புதியதும் மாட்டிப் பார்த்துவிட்டார்கள். நான் வண்டியைச் சூடாகவே ஜாக்கியில் ஏற்றினேன். சக்கரம் கையால் சுற்றவில்லை. அந்த இரண்டு நட்டுகளை மட்டும் ஒன்றிரண்டு மரை லூஸ் செய்ததும் சக்கரம் விட்டுக்கொடுத்துச் சுற்றியது. பூஸ்டரிலிருந்து வந்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு மயிரிழை நீளமாக நின்றிருக்கிறது, அவ்வளவுதான் கோளாறு.

பெரும்பாலான மாஸ்டர் சிலிண்டர்களில் ரிசர்வாயருக்குக் கீழே ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கும். காலை எடுத்ததும் ஆயில் அதன் வழியாகத் திரும்ப வேண்டும். புஷ் ராடு பிஸ்டனை முழுதாகப் பின்னால் வரவிடாவிட்டால் கப் அந்தத் துளையை மூடியே நிற்கும். சூட்டில் ஆயில் விரியும், போக வழி இருக்காது, பிரேக் பிடிக்கும். புதியது மாட்டும்போது புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறிய இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பார்ப்பவர்கள் குறைவு. நட்டை லூஸ் செய்தும் சக்கரம் சுற்றாமல், மாஸ்டர் சிலிண்டரில் பைப்பைத் தளர்த்தினால்தான் சுற்றுகிறது என்றால் அந்தத் துளையே அடைத்திருக்கலாம். சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்தால் மட்டும் சுற்றுகிறதா? நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பியிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் சுற்றவில்லை என்றால் பிஸ்டனோ ஷூவோ துருவில் சிக்கியிருக்கிறது.

பிரேக் லைனில் புகுந்த ஏர் எடுக்கும்போது பழைய மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். வழக்கமாக ஓடாத அந்தக் கடைசிப் பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். அங்கே கப் போய் உரசினால் அன்றைக்கே கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். பிரேக் பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுவதைத் தயவுசெய்து விடுங்கள், ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். கழுவ பிரேக் ஆயில் அல்லது ஸ்பிரிட் போதும். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3-க்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அதற்கு வைத்திருக்கும் வரம்பே 140தான். நிறுத்தியே வைத்திருக்கும் பழைய காருக்கும் ஆயில் மாற்ற வேண்டும் என்பது இதனால்தான். சிலிகான் ஆயிலான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லிருந்துதான் கார்களுக்கு இரட்டை பிரேக் சர்க்யூட், அதாவது தனித்தனியாக இரண்டு ஆயில் வழி, கட்டாயமானது. அதற்கு முந்தைய ஏராளமான கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட். ஒரு இடத்தில் கோளாறு என்றால் பெடல் மொத்தமும் போய்விடும், கைபிரேக்தான் மிச்சம். தவறான பாகத்தை மாற்றிவிட்டு, பிரேக்கைச் சரி செய்தாகிவிட்டது என்று நம்பி ஒருவர் சாலையில் இறங்குவது எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி கேட்ட அந்த வாசகர் புதிய மாஸ்டர் சிலிண்டருக்குச் சொல்லி வைப்பதற்குள் இந்தக் கடிதத்தை, சுருக்கியாவது, அதே பக்கத்தில் வெளியிடுங்கள். இனி பிரேக் பற்றிக் கேள்வி வந்தால், பெடல் இறுகுகிறதா, இறங்குகிறதா, மெத்தென்று இருக்கிறதா, ஓடிச் சூடான பின் தானாகப் பிடிக்கிறதா என்று எழுதச் சொல்லிவிட்டுப் பதில் கொடுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் பிரேக் மெக்கானிக் ஒருவர்