தெருமுனைக் குடியிருப்புத் திட்டம்: நிலத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் தெருமுனையில் முன்மொழியப்பட்டுள்ள எட்டு மாடிக் குடியிருப்புக்கான வலய விதி (ஓரிடத்தில் என்ன, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்ற நகர விதி) மாற்ற விண்ணப்பத்தின் மீது நகரசபை எந்த முடிவும் எடுக்காமல் காலம் கடத்தியதால், கட்டுமான நிறுவனம், நிலப் பயன்பாட்டுப் பிணக்குகளை விசாரிக்கும் மாகாண அமைப்பான ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்துள்ளது. விண்ணப்பம் கிடைத்த 90 நாட்களுக்குள், நகரின் அதிகாரபூர்வத் திட்டத்திலும் (நில வளர்ச்சிக்கான நீண்டகாலத் திட்டம்) திருத்தம் கோரப்பட்டிருப்பின் 120 நாட்களுக்குள், சபை முடிவெடுக்கத் தவறினால் விண்ணப்பதாரர் இவ்வாறு மேல்முறையீடு செய்ய மாகாணத் திட்டமிடல் சட்டம் இடமளிக்கிறது. முடிவு இனித் தீர்ப்பாயத்தின் கையில்.

2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், அயலவர்கள் தாமாக மேல்முறையீடு செய்யும் உரிமை பெரும்பாலும் பறிபோய்விட்டது. அது எனக்கு மிகுந்த வருத்தமே. எனினும் பங்கேற்பாளர் தகுதி (வழக்கின் தரப்பாக இல்லாமல் கருத்துத் தெரிவிக்கும் நிலை) கோரி எழுத்துமூல அறிக்கை அளிக்கலாம், விசாரணையில் வாய்மொழியாகப் பேச மட்டும் இயலாது. வீட்டு வாடகை இவ்வளவு உயர்ந்துள்ள நிலையில் கட்டடமே வேண்டாம் என்பது நியாயமன்று என்றே கருதுகிறேன். பின்முற்றங்களில் விழும் நிழல், பாடசாலைப் பக்கம் அமையும் வாகன நுழைவாயில் ஆகிய இரண்டையும் முன்வைப்போம். தங்கள் கருத்துகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.