கிழிந்த புத்தகங்களுக்கு ஓர் அறை: குழந்தைக் கவிஞர் பெயரில் ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம்.

போன சித்திரையில் எங்கள் படிப்பகத்தின் பரணை ஒழித்தோம். வெள்ளையடிக்க ஆள் வருகிறார் என்ற கட்டாயத்தில் செய்த வேலை. இல்லாவிட்டால் இன்னும் பத்து வருடம் அது அப்படியே கிடந்திருக்கும். மூன்று சாக்கு நிறையப் பழைய புத்தகங்கள் இறங்கின. தும்மிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, அட்டை போய், ஒன்பதாம் பக்கத்தில் தொடங்குகிற ஒரு பாட்டுப் புத்தகம் கையில் வந்தது. அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்கள். நடுவில் ஒரு தாள் குறுக்காகக் கிழிந்து, யாரோ சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார்கள். பருக்கை இருந்த இடங்களில் மட்டும் இராமபாணப் பூச்சி வரிசையாக ஓட்டை போட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால், "இது என் புஸ்தகம், யாரும் எடுக்கக் கூடாது" என்று ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், "நான் எடுத்தேன்".

அதே சாக்கில் ஏதோ ஒரு விழா மலரும் இருந்தது. வழவழப்பான தாள், கெட்டி அட்டை, ஒரு மடிப்புக்கூட இல்லை. இத்தனை வருடமாக யாரும் புரட்டாததால் புத்தம் புதிதாக இருந்தது.

அன்று மாலை குழு கூடிப் பேசியதில் பிறந்ததுதான் இந்தக் கடிதம். படிப்பகத்தின் மாடி அறையைச் சரிசெய்து, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பெயரில் சிறுவர் நூலகமாக்க நினைக்கிறோம். பிள்ளைகள் தாங்களே எடுத்து, தரையில் உட்கார்ந்தோ படுத்தோ படிக்கலாம். கிழிந்தால் கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

வள்ளியப்பா எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதுதான் முதல் காரணம், அதை மறைப்பானேன். 1922 நவம்பர் 7 அன்று புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் பிறந்தார். அப்பா அழகப்பச் செட்டியார், அம்மா உமையாள் ஆச்சி. அப்பாவின் பெயரிலிருந்து வந்ததுதான் அந்த 'அழ'. தமிழ்நாட்டுப் பிள்ளைகளை இவ்வளவு சிரிக்க வைத்தவருக்கு இனிஷியல் இப்படி அமைந்ததே என்று எங்கள் தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார், நாங்களும் ஒவ்வொரு முறையும் சிரிப்போம். உள்ளூரில் காந்தி பாடசாலை, அப்புறம் இராமச்சந்திரபுரத்தில் உயர்நிலைப் பள்ளி. 1940-இல் சென்னைக்குப் போய், சக்தி வை. கோவிந்தனின் காரியாலயத்தில் காசாளராகச் சேர்ந்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த பையனை எழுதச் சொன்னவர் சக்தி இதழின் ஆசிரியர் தி. ஜ. ர. அப்படி எழுதிய முதல் கதைக்குப் பெயர் 'ஆளுக்குப் பாதி'. அடுத்த ஆண்டே இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை வங்கிக்காரராகவே இருந்தார்.

எங்கள் குழுவில் இரண்டு பேர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள். அவர்களுக்கு இந்த இடத்தில்தான் ஆச்சரியம் தாங்கவில்லை. கம்ப்யூட்டர் வராத காலத்தில் சாயங்காலம் கணக்கு நேராகாமல் எட்டு ரூபாயைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். வீட்டுக்குப் போனால் சாப்பிட்டுப் படுக்கத்தான் தோன்றும், நாய்க்குட்டியையும் பட்டத்தையும் பற்றிப் பாட்டுக் கட்ட யாருக்குத் தோன்றும் என்கிறார்கள். அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1944-இல் 'மலரும் உள்ளம்' என்று 23 பாடல்கள் கொண்ட சிறு புத்தகம் வந்தது. பிறகு எழுதிய பாடல்கள் இரண்டாயிரத்தைத் தாண்டின. அவர் நூல்களில் சிலவற்றுக்கு அரசின் பரிசுகளும் கிடைத்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவருக்கு முன்னோடி. அந்த எளிமையை எடுத்துக்கொண்டு இன்னும் கீழே இறங்கி, மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் நுழைகிற சொல்வரைக்கும் வந்தவர் வள்ளியப்பா.

எட்டு லட்டை ஒரு அண்ணனும் தங்கையும் தின்று தீர்க்கிற பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலர் அதைப் பாட்டி சொன்ன பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதியது வள்ளியப்பாதான். அந்தப் பாட்டில் கழித்தல் இருக்கிறது, வகுத்தல் இருக்கிறது, வரிக்கு வரி 'ட்டு' என்று முடிகிற இயைபுக் கும்மாளம் இருக்கிறது. புத்திமதி மட்டும் இல்லை. இனிப்பு தின்றால் பல் சொத்தையாகும் என்று யாரும் நடுவில் வந்து சொல்லவில்லை. எழுதியவருக்குப் பிள்ளைகள்மேல் எத்தனை நம்பிக்கை இருந்திருந்தால் அந்தத் தட்டைக் காலியாக விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று யோசிக்கிறேன். (எங்கள் பொருளாளரிடம் கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால் இப்போதெல்லாம் அந்தப் பாட்டின் கடைசி வரியைத்தான் சொல்கிறார். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.)

பாட்டு எழுதியதோடு அவர் நிற்கவில்லை. பாலர் மலர், டமாரம், சங்கு என்று சிறுவர் இதழ்களில் பொறுப்பு வகித்தார், 1950-களின் தொடக்கத்தில் பூஞ்சோலைக்கு ஆசிரியராக இருந்தார், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் கோகுலத்துக்கு ஆசிரியரானார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்க முன்னால் நின்றவரும் அவரே. அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு எழுதுகிறவரைப் 'பெரிய எழுத்து வராததால் சின்ன எழுத்து' என்கிற மாதிரிப் பார்த்தார்கள். இப்போதும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவைக் கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக வைக்க வேண்டும் என்று வாதாடியபோது மயங்கி விழுந்தார். மார்ச் 16 அன்று காலமானார். வயது 66.

அவருடைய நூற்றாண்டு 2022-இல் வந்தது. நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டம் போட்டோம். நான்கு பேருக்குச் சால்வை, எல்லோருக்கும் டீ, மிக்சர், ஃப்ளெக்ஸ் பேனர். பேனரில் பிறந்த தேதி தப்பு. மேடையில் எட்டுப் பேர் பேசினோம், கீழே பிள்ளைகள் பதினொரு பேர் இருந்தார்கள், அதில் ஐந்து பேர் பேச்சாளர்களின் பேரப் பிள்ளைகள். பேச்சு முடிந்து, "இவர் புத்தகம் எங்க இருக்கு தாத்தா?" என்று ஒரு பெண் கேட்டாள். எங்கள் அலமாரியில் ஒன்றுகூட இல்லை. பரணில் இருந்தது அப்போது எங்களுக்கே தெரியாது. அந்தக் கூட்டத்துக்குச் செலவான பணத்தில் ஒரு தட்டு நிறையப் புத்தகம் வாங்கியிருக்கலாம்.

சரி, இனி அறை விஷயம். இருபதுக்குப் பதினான்கு அடி. கிழக்கே இரண்டு ஜன்னல், நல்ல வெளிச்சம். ஆனால் மழைக்காலத்தில் தெற்கு மூலை ஒழுகும். போன முறை ஒருவர் ஏதோ ஒரு பூச்சைப் பூசி, ஐந்து வருடத்துக்கு உத்தரவாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஐப்பசியிலேயே வாளி வைக்க வேண்டியதாயிற்று. இந்த முறை பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தளஓடு பதிப்பது என்று முடிவு. அதற்கு 65,000 ரூபாய். புத்தகத்துக்கும் தண்ணீருக்கும் ஆகாது, அதனால் இந்த வேலை முடியாமல் ஒரு புத்தகம்கூட மாடி ஏறாது.

அலமாரிகளுக்கு 48,000 ரூபாய். தச்சரிடம் இதில் பெரிய விவாதமே நடந்தது. உயரம் மூன்றரை அடிக்கு மேல் கூடாது, புத்தகங்களின் முதுகு தெரியாமல் முகம் தெரிகிற மாதிரி சாய்வுத் தட்டு வேண்டும் என்றோம். இடம் வீணாகுமே சார், மேலே ஆறடி சும்மா கிடக்குமே என்று வருத்தப்பட்டார். படம் போட்ட அட்டையைப் பார்த்துத்தான் பிள்ளை கையை நீட்டும், முதுகில் இருக்கிற பொடி எழுத்தைப் பார்த்து நீட்டாது என்று சொன்னபோது, தன் மகளைக் கூட்டிவந்து நிற்க வைத்து அளவெடுத்தார். தட்டின் உயரம் அவள் தோள் அளவுக்கு வந்திருக்கிறது.

புதிய புத்தகங்களுக்கு 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். வள்ளியப்பாவின் நூல்களில் கிடைக்கிற எல்லாமும் வரும். அவர் காலத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதில் குழுவின் இளையவர்கள் உறுதியாக இருந்தார்கள், எங்களைப் போன்ற பழையவர்கள் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு ஒப்புக்கொண்டோம். சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்கென்றே தனியாகப் பால சாகித்திய புரஸ்கார் விருது கொடுத்துவருகிறது. வள்ளியப்பா காலத்தில் அந்த விருது இல்லை. 2019-இல் அது அவருடைய மகள் தேவி நாச்சியப்பனுக்குக் கிடைத்தது எங்களுக்கெல்லாம் வீட்டு விசேஷம் மாதிரி. விருது பெற்ற தமிழ் நூல்களிலிருந்தே பட்டியலைத் தொடங்கினோம். ம. இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை' பாட்டுப் புத்தகம். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' ஒரு சிறுவனைக் கீழடிக்குக் கூட்டிப்போகிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தொடுதல் பற்றி ஒரு பெண் குழந்தைக்குத் துணிச்சலாகப் பேசக் கற்றுத் தருகிற கதை. அந்தப் புத்தகம் வேண்டுமா என்று குழுவில் ஒருவர் தயங்கினார். இரண்டு பிரதி வாங்கலாம் என்று அவரே அடுத்த கூட்டத்தில் சொன்னார், இடையில் படித்திருக்கிறார்.

பரணில் இறங்கியவற்றில் காப்பாற்றத் தகுந்தவை 140. அம்புலிமாமா, கண்ணன், பூந்தளிர், கோகுலம் என்று இதழ்களும் அதில் உண்டு. வருடக் கணக்காகத் தொடர்கதையைத் தாளாகக் கிழித்து, சணல் போட்டுத் தைத்து வைத்த தொகுப்புகளும் உண்டு, அந்த அம்மாக்களுக்குக் கோயில் கட்டலாம். ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் பைண்டிங் செலவு 21,000. பைண்டிங் செய்பவர் பழைய கை. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார், பூச்சி கிட்டே வராது. கலக்க வேண்டியது சிட்டிகையளவுதான், அந்த அளவை யாருக்கும் சொல்ல மாட்டார். மயில்துத்தம் விஷம் என்பதால் இப்படிக் கட்டியவை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும், பெரியவர் ஒருவர் எடுத்துக் காட்டுவார். பிள்ளைகள் கையில் புதுப் பிரதிகள்.

பாய், மின்விசிறி, விளக்கு, ஜன்னல் வலை எல்லாம் சேர்த்து 13,000. சனி, ஞாயிறு இரண்டு மணி நேரம் கதை சொல்லவும் பாட்டுச் சொல்லித் தரவும் ஒருவர் வருவார். அவருக்கு மாதம் 1,500 வீதம் ஓராண்டுக்கு 18,000. இலவசமாகவே வருகிறேன் என்றார். வேண்டாம் என்று நாங்கள்தான் சொன்னோம். இலவசமாக வருகிறவர்கள் மூன்றாம் மாதம் கல்யாணம், காதுகுத்து என்று நின்றுவிடுகிறார்கள், கேட்கவும் முடியாது.

ஆக மொத்தம் 2,25,000 ரூபாய். குழு உறுப்பினர்களும் ஊர்க்காரர்களும் கொடுத்தது 81,500. இன்னும் வேண்டியது 1,43,500. காலித் தட்டு என்று பொருளாளர் சொல்வது இதைத்தான், மனிதர் கொஞ்சம் மிகைப்படுத்துவார்.

எவ்வளவு கொடுப்பது என்று தயங்க வேண்டாம். 150 ரூபாய் கொடுத்தால் ஒரு கிழிந்த புத்தகம் உயிர் பெறும். 1,500 கொடுத்தால் ஒரு மாதம் கதை நடக்கும். பெருந்தொகை கொடுப்பவர்கள் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கல்வெட்டு இல்லை. கொடுத்தவர்கள் எல்லோருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில் ஒரு நோட்டில் எழுதப்பட்டு அறையில் இருக்கும், அவ்வளவுதான். வருமான வரியில் 80ஜி சலுகை எங்களுக்குக் கிடையாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பணம் எதுவானாலும் ரசீது உண்டு. ரசீது கிடைக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் படிப்பக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வேலை நின்றுபோனால் பணம் திருப்பித் தரப்படும். படிப்பகம் தினமும் மாலை ஐந்து முதல் எட்டு வரை திறந்திருக்கும், பொருளாளர் அங்கேதான் இருப்பார். வெளியூர் அன்பர்கள் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ அனுப்பலாம், கணக்கு விவரத்தை அவரிடம் கேட்டுப் பெறலாம்.

நவம்பர் 7-க்குள் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஐப்பசி மழைக்கு முன்னால் தளஓடு முடிந்தாக வேண்டும், அதனால் ஆவணிக்குள் பணம் வந்தால் நல்லது.

பணம் இல்லாதவர்கள் புத்தகம் கொடுக்கலாம். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு சாக்கு இருக்கும். பாடப் புத்தகம், போட்டித் தேர்வு கைடு, விழா மலர் மூன்றும் வேண்டாம், தயவுசெய்து. சிறுவர் புத்தகம் எந்த நிலையில் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறோம். அட்டை இல்லாவிட்டாலும் சரி, கிறுக்கியிருந்தாலும் சரி. கொண்டுவருவதற்கு முன்னால் ஒட்டித் தைத்துச் சீர்செய்ய வேண்டாம். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டவே வேண்டாம்.

அன்புடன்,
செயலாளர்
சிறுவர் நூலக அறைக் குழுவுக்காக