ஆய்வகம் தரும் பெயரும் நீதிமன்றம் கேட்கும் சாட்சியமும்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் உங்கள் பேத்தியின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியது அறிந்து மகிழ்ந்தேன். நான் இன்னும் நீதிமன்றத்துக்குப் போய்வருகிறேன்.

துப்புத் துலங்காத கொலை வழக்குகளைத் தனியார் மரபணு ஆய்வகங்களிடம் ஒப்படைத்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். காவல்துறையில் காலமெல்லாம் உழைத்தவருக்கு அந்த எண்ணம் எழுவது இயல்பே.

அமெரிக்கக் காவல்துறையின் தரவுத்தளம் மரபணுவில் 20 இடங்களை ஒப்பிடுகிறது. குற்றவாளியின் மாதிரி முன்பே பதிவாகியிருந்தால்தான் பெயர் கிடைக்கும். பாராபான், ஓத்ரம் போன்ற தனியார் நிறுவனங்களோ பல லட்சம் இடங்களைப் படித்து, வம்சாவளி அறிய மக்கள் தாமாகப் பதிவேற்றிய தரவுகளில் தூரத்து உறவினரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து குடிவழி வரைந்து, சந்தேகத்துக்குரியவரை நெருங்குகின்றன. இந்த வம்சாவளித் தேடலால்தான் கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் துப்புத் துலங்காதிருந்த தொடர் கொலைகளைச் செய்த ஜோசப் டிஏஞ்சலோ 2018 ஏப்ரலில் பிடிபட்டார். அப்போதும் அவரது கார்க் கதவில் எடுத்த மாதிரியும் அவர் எறிந்த காகிதத்தில் எடுத்த மாதிரியும் குற்ற இடத்து மாதிரியோடு பொருந்திய பின்னரே கைது செய்தார்கள். ஆய்வகம் தந்தது துப்பு மட்டுமே.

நம் பக்கத்தில் அந்தத் துப்பே தடுமாறும் என்பது என் கவலை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்துவந்த குடும்பங்களில், தூரத்து உறவினர்கூட நெருங்கிய பங்காளிபோல் மரபணுவில் தென்படுவார். அந்தக் கணக்கை நம்பி விசாரணைக்கு அழைத்தால் எத்தனை அப்பாவிகள் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியிருக்கும்! அவர்களில் எவரும் தம் மரபணுவைத் தர ஒப்புக்கொண்டவரும் அல்லர். மரபணுச் சோதனையின் பயன்பாட்டை ஒழுங்குசெய்ய 2019இல் மக்களவையில் கொண்டுவந்த மசோதாவையும் 2023இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

அரசு ஆய்வகத்துக்கும் தனியார் ஆய்வகத்துக்கும் சட்டத்திலும் வேறுபாடு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு, குறிப்பிட்ட அரசு நிபுணர்களின் அறிக்கையை அவர்களைக் கூண்டில் ஏற்றாமலே ஏற்க இடமளிக்கிறது. தனியார் ஆய்வாளர் வந்து குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். அது நல்லதென்றே கருதுகிறேன். சுருளி அருவிக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் விடுவித்த உச்ச நீதிமன்றம், மாதிரியை எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அது யார் யார் கைமாறியது என்பதற்குப் பதிவேடு வேண்டும் என்று ஆணையிட்டதை நீங்களும் படித்திருப்பீர்கள். அரசு ஆய்வகத்துக்கே இத்தனை கண்டிப்பு என்றால், பணம் வாங்கிச் செய்யும் நிறுவனத்துக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

நீங்கள் நிலைய அதிகாரியாக இருந்தபோது முத்திரையிட்ட பொட்டலங்களை எவ்வாறு பதிந்து அனுப்பினீர்கள் என்று விரிவாக எழுதுங்கள். இங்குள்ள இளம் வழக்கறிஞர்களுக்குப் படித்துக் காட்ட விரும்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்