தமிழ்ப் போட்டிகளில் அளந்து பார்க்கும் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ் மொழி விழா வரும்போது நம் பிள்ளைகள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் பேச்சு, கட்டுரை, கதை சொல்லுதல் எனப் பல போட்டிகளில் பங்கெடுக்கிறார்கள். அவற்றோடு, ஓர் இயற்பியல் நிகழ்வைத் தாமே அளந்து பார்த்து, கண்டதைத் தமிழில் விளக்கும் போட்டி ஒன்றும் நடத்தப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான்.

ஆய்வுக்கூடத்துக்கு வரும் பதினேழு வயது மாணவர்களில் பலருக்குச் சூத்திரங்கள் தலைகீழாகத் தெரியும். ஒரு கருவியைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னால் மட்டும், “என்ன விடை வர வேண்டும்?” என்று முதலில் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் வினாத்தாளாகவும் துணைப்பாட வகுப்பின் பயிற்சித் தாளாகவும் மட்டுமே இயற்பியலைக் கண்டவர்களுக்கு வேறு எப்படிக் கேட்கத் தோன்றும்?

நம் மேடைகளில் சர் சி. வி. ராமன் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர், 1930இல் நோபெல் பரிசு பெற்றவர் என்று பிள்ளைகள் அழகாகச் சொல்கிறார்கள். ஆனால் 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும் வழியில் அவர் என்ன செய்தார் என்பதை எவரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. கடலின் நீலம் வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால் வருவது என்பதே அன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ராமன் தம்மிடம் இருந்த நிக்கோல் பட்டகம் என்ற சிறு கருவியின் வழியே கடலைப் பார்த்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கினார். அதன் பிறகும் நீலம் குறையவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியே 1928இல் அவர் அறிவித்த ‘ராமன் விளைவு’ என்ற கண்டுபிடிப்பு. இன்று முனைவாக்கம் செய்யப்பட்ட, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும், ஒரு வெயில் கண்ணாடியுடன் பிடோக் நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கும் பதின்மூன்று வயதுச் சிறுமி, அதைக் கண்முன் பிடித்து மெல்லத் திருப்பினால், நீரின் பளபளப்பு மங்குவதையும் மீண்டும் தோன்றுவதையும் தானே காணலாம். எந்தக் கோணத்தில் பார்க்கும்போது பளபளப்பு மிகவும் குறைகிறது என்று அவள் அளந்து சொன்னால், பரிசு பெற்ற ஆண்டை ஒப்புவிப்பதைவிட ராமனுக்கு அவள் நெருக்கமாகிறாள் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. பிள்ளைகளின் கைப்பேசிக்குள்ளேயே முடுக்கத்தை அளக்கும் உணரி இருக்கிறது; ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘ஃபைபாக்ஸ்’ போன்ற இலவசச் செயலிகள் அதன் அளவீடுகளைத் திரையில் வரைந்து காட்டுகின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் மின்தூக்கியில் கைப்பேசியைத் தரையில் வைத்து மேலே போகச் சொல்லுங்கள். நின்றிருக்கும்போது 9.8 (மீட்டர்/வினாடி²) என்று காட்டும் அளவு, புறப்படும் நொடியில் சற்றுக் கூடும். மேலே போகும் நேரம் முழுவதும் அது கூடியே இருக்கும் என்றுதான் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் சீரான வேகம் வந்ததும் அளவு மீண்டும் 9.8க்கே திரும்பிவிடுகிறது, நிற்கப் போகும்போதுதான் அதற்குக் கீழே இறங்குகிறது. மேலே விரைந்துகொண்டிருக்கும் பெட்டியையும் அசையாமல் நிற்கும் பெட்டியையும் கருவியால் வேறுபடுத்த முடியவில்லை! நியூட்டனின் முதல் விதியைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்த மாணவர், அந்த வரைகோட்டைப் பார்த்து ஒரு நிமிடம் பேச்சற்றுப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். காற்றழுத்த உணரி உள்ள கைப்பேசி என்றால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரு மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறைவதால், தம் வீடு தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கணக்கிட்டு, மாடிகளை எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பொறியியலுக்கும் இந்நாட்டில் சான்றுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளும் ஆழ்சுரங்கக் கழிவுநீர்ப் பாதை சரிவாக அமைக்கப்பட்டிருப்பதால், நீர் புவியீர்ப்பினாலேயே அவ்வளவு தூரம் ஓடுகிறது. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டில் கடல்மட்டம் தாழ்ந்திருக்கும்போது 9 கதவுகளின் வழியே மழைநீர் தானாகவே வெளியேறும். கடல்மட்டம் உயர்ந்திருக்கும்போது 7 பம்புகள் அதை வெளியேற்ற வேண்டும். சிங்கப்பூரில் உருவாக்கப்பட்ட முதல் செயற்கைக்கோளான எக்ஸ்-சாட் 2011 ஏப்ரலில் விண்ணுக்குச் சென்றது சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். ஊருக்குப் போய்வரும் நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கப்பல் பட்டறைகளிலும் ரயில் பராமரிப்புப் பணிமனைகளிலும் நீர்சுத்திகரிப்பு ஆலைகளிலும் வேலை செய்யும் தமிழர்கள் நம்மிடையே பலர். அவர்கள் கோயிலுக்கு வருகிறார்கள், திருமணங்களில் நம்மோடு பந்தியில் அமர்கிறார்கள். ஆனால் தாம் செய்யும் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச யாரும் அவர்களை அழைப்பதில்லை. நான் சொல்லும் போட்டிக்கு இவர்களே நடுவர்களாகவும் வழிகாட்டிகளாகவும் வர வேண்டும். பட்டம் பெற்ற பொறியாளர்களை மட்டும் அழைத்தால் போதாது. ஒரு மோட்டாரின் ஓசையைக் கேட்டே அதன் பழுதைச் சொல்லிவிடும் தொழில்நுட்பர், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கும் அண்ணன், அக்கா ஆகியோரிடம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியவை ஏராளம்.

போட்டியின் விதிகளில் எனக்கு ஒன்றே ஒன்று மிக முக்கியமாகப் படுகிறது. அளவீடு புத்தகத்து விடையோடு ஒத்துப்போகாவிட்டாலும், ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை நேர்மையாக ஆராய்ந்து சொல்லும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். மூன்று முறை அளந்தபோது மூன்று வெவ்வேறு எண்கள் வந்தால் அந்த மூன்றையும் அவர்கள் மேடையில் காட்டலாம். பெற்றோர் எழுதிக் கொடுத்ததை ஒப்புவிக்க இங்கே வழியில்லை, நடுவர் “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால், அளந்தவருக்கு மட்டுமே பதில் சொல்ல வரும். பேச்சில் ஆங்கிலச் சொற்கள் சில கலந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சொல்ல வேண்டும் என்ற துடிப்பு வந்துவிட்டால் தமிழும் கூடவே வந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மருத்துவம், சட்டம், நிதித்துறை ஆகியவற்றை நாடச் சொல்வது தவறில்லை. ஆயினும் பழைய மின்விசிறியைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளையிடம், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, திருப்புளியைக் கொடுத்து அருகில் அமருங்கள். பெண்பிள்ளை கேட்டாலும் அவ்வாறே செய்யுங்கள். “அது தம்பி பார்த்துக்கொள்வான்” என்ற சொல்லை இன்றும் சில வீடுகளில் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வளர்தமிழ் இயக்கமும் சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களும் அடுத்த விழாவுக்கு முன் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். அதுவரை, தங்கள் இதழின் மாணவர் பகுதியில் வாரம் ஓர் அளவீட்டுப் பணியை வெளியிட்டு, பிள்ளைகள் அனுப்பும் முடிவுகளை அவர்கள் எழுதியபடியே அச்சிட இயலுமா? முதல் பணியாக, மேலே சொன்ன மின்தூக்கிச் சோதனையை மாணவர்களுக்கு ஏற்ற நடையில் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட அலுவலர்,
ஈசூன்