இந்த முறை ஐட்டம் வேண்டாம், கேட்கப் போவோம்

தென் லண்டனில் இயங்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவுக்கும், இதே நிலைமையில் இருக்கும் மற்றச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர், செயற்குழுவினருக்கு,

வணக்கம். ஆறு வருடம் இந்தச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால்தான் திறந்த மடல்.

விஷயம் இதுதான். ஜூன் 22-ஐ ஒட்டி வரும் சனிக்கிழமை மாலை, நாம் வாணி விழா வைக்கும் அதே மண்டபத்தில், எங்கள் பகுதிக் கரீபிய மக்கள் விண்ட்ரஷ் நாளுக்காக, அதாவது 1948-இல் கரீபியர்களை இங்கே கொண்டுவந்த கப்பலின் நினைவு நாளுக்காக, ஜமேக்காவின் ரெகே இசை மாலை நடத்துகிறார்கள். போன வருடம் போலவே நமக்கும் அழைப்பு வந்திருக்கிறது. "நாங்கள் என்ன ஐட்டம் குடுக்கலாம்" என்று செயற்குழுவில் அரை மணி நேரம் கதைத்ததாகக் கேள்விப்பட்டேன். பரதமா, காவடியா, சின்னப் பிள்ளைகளின் கோலாட்டமா என்று வாக்கெடுப்பு வரைக்கும் போனதாம். தயவுசெய்து எதுவும் குடுக்க வேண்டாம். டிக்கெட் எடுத்து, கதிரையில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டு வருவோம்.

போன வருடம் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நம் ஐட்டம் முதலில் இருந்தது. எட்டுப் பிள்ளைகள் ஆடினார்கள், நன்றாகவே ஆடினார்கள். பன்னிரண்டு நிமிடம். பிறகு தலைவர் மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார், ஒருவருக்குப் பொன்னாடை போட்டார். அது முடிந்ததும் நம் ஆட்கள் எழுந்தார்கள். பிள்ளைகள், அவர்களின் அம்மா அப்பா, அம்மம்மா, வீடியோ எடுக்க வந்த மாமா, எல்லாரும். நாலு வரிசை அப்படியே காலி. மேடையில் பேண்ட்காரர்கள் வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முதல் பாட்டு அந்தக் காலிக் கதிரைகளைப் பார்த்துத்தான் தொடங்கியது.

நான் மட்டும் நல்லவன் என்று சொல்லவில்லை. நானும்தான் எழுந்து போனேன். கார்ப் பார்க்கில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணின பிறகு, சங்கத்தின் நடராசர் சிலையை மேடையிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடினேன். பேஸ் கிட்டார்க்காரரின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் நடராசர் நின்றார். ஒவ்வொரு அடிக்கும் மேசை அதிர்ந்து, பித்தளைச் சிலை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. நான் பதறிக்கொண்டு போவதற்குள், அந்த மனிதர் ஒரு கையால் கம்பியை மீட்டிக்கொண்டே மற்றக் கையால் சிலையை நடுவுக்குத் தள்ளிவிட்டு, தன் வியர்வைத் துவாயை மடித்து அதன் காலடியில் வைத்தார். தாளம் பிசகவில்லை. பாட்டு முடியாமல் மேடைக்குப் போக முடியாது. சரி, ஒரு பாட்டுத்தானே என்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகும்போது இரவு பதினொன்றாகிவிட்டது.

முன்வரிசையில் எங்கள் தெரு ஆன்டி இருந்தார். ஜமேக்காக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ், எண்பதைத் தாண்டியவர், தலையில் ஊதா நிறத் தொப்பி. "உங்கட ஆக்கள் எங்கே?" என்று கேட்டார். "பிள்ளைகளுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம்" என்றேன். அன்று சனிக்கிழமை. அவருக்கும் அது தெரியும்.

சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் மிருதங்கம் படித்தவன் நான். தாளம் பிடிபடும் என்ற எண்ணத்தில் தொடையில் தட்டத் தொடங்கினேன். எல்லாம் பிழை. ரெகேயில் ட்ரம்ஸ்காரர் முதல் அடியை விட்டுவிடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால், நாம் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், ஓங்கித் தட்டுகிற அந்த 'ஒன்று' அங்கே வெறுமையாகக் கிடக்கிறது. கனமான அடி மூன்றில் விழுகிறது. இதை 'வன் ட்ரொப்' என்கிறார்கள். கிட்டார் இரண்டிலும் நாலிலும் 'சக்' என்று வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பாட்டைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது பேஸ். தள்ளி எடுக்கும் எடுப்பு, அதாவது தாளம் தொடங்கின பிறகு பாட்டைத் தொடங்குவது, நமக்குப் புதிதல்ல, ஆனால் நம் இசையில் பாட்டுத்தான் தள்ளி வரும், தாளத்தில் சமம் இருக்கும். ரெகேயில் சமத்தையே விட்டுவிடுகிறார்கள். ஆன்டி சிரித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விழ வேண்டிய இடத்தில் மட்டும் அதைக் கீழே விட்டார். மூன்றாவது பாட்டில்தான் எனக்குப் பிடிபட்டது.

இதில் ஒரு திருத்தமும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் அழைப்பிதழில் 'விண்ட்ரஷ் கப்பலில் வந்த ரெகே' என்று அச்சடித்திருந்தீர்கள். எம்பயர் விண்ட்ரஷ் டில்பரித் துறைமுகத்தில் ஆட்களை இறக்கியது 1948 ஜூன் 22-ஆம் தேதி. அதில் வந்த இசை கலிப்சோ. டிரினிடாட்டின் கலிப்சோப் பாடகர் லோர்ட் கிச்னர் கப்பலில் வந்திறங்கி, செய்திப்படக் கமராவின் முன்னால் லண்டனைப் பற்றித் தான் கட்டின பாட்டைப் பாடிக் காட்டினார். ரெகே கிங்ஸ்டனில் உருவானது அதற்கு இருபது வருடம் கழித்து, 1968 வாக்கில். அதற்குள் இங்கே ஒரு தலைமுறை வேலைக்குப் போய், வீடு தேடி, அடி வாங்கி, பிள்ளை பெற்றுவிட்டது. ஜமேக்காவிலிருந்து வந்த ரெக்கோர்ட்டுகளைக் கேட்கத்தான் இங்கே ஆட்கள் காத்திருந்தார்கள். 1969-இல் ஜமேக்காப் பாடகர் டெஸ்மண்ட் டெக்கரின் பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கே வந்தது. பிறகு எழுபதுகளின் நடுவில் 'லவர்ஸ் ரொக்' என்று ஒரு வகை பிறந்தது. மெதுவான காதல் பாட்டுகள். அது ஜமேக்காவில் பிறக்கவில்லை, லண்டனில், அதுவும் நாம் இருக்கும் இந்தத் தென் லண்டனில் வளர்ந்தது. இளையராஜாவின் காதல் பாட்டுகளில் கரைகிறவர்களுக்கு லவர்ஸ் ரொக் பிடிக்காமல் போகாது.

இங்கே வந்த கரீபியர்கள் ஏன் இசையை வீட்டு நிலவறைகளில் வைத்துக் கேட்டார்கள் தெரியுமா? கிளப்புகள் உள்ளே விடவில்லை. 1950-களின் நடுவில் டியூக் வின் என்ற ஜமேக்காக்காரர் லாட்புரோக் குரோவில் ஆளுயர ஸ்பீக்கர்களோடு சவுண்ட் சிஸ்டம் தொடங்கினார். தளபாடங்களை ஒதுக்கிவிட்டு, வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு, விடியும் வரை ஆட்டம். நாம் தொண்ணூறுகளில் யாரோ ஒருவரின் வீட்டு வரவேற்பறையில் வாடகை டெக்கில் படம் போட்டுப் பார்த்தோமே, அதே கதை.

ஆன்டியின் முன்னறையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பின்னல் விரிப்பு போட்ட பெரிய ரேடியோகிராம். அதன் மேல் பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள், பிளாஸ்டிக் பூ, யாரும் தொடக்கூடாத கண்ணாடிக் கிளாஸ்கள். நம் வீட்டு ஷோகேஸ் அலுமாரியை இடம் மாற்றி வைத்த மாதிரி. வீடு எப்படி வாங்கினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். 'பார்ட்னர்' என்றார். மாதாமாதம் இருபது பேர் காசு போடுவது, ஒருவர் பொறுப்பாக இருந்து சேர்ப்பது, முறை வைத்து ஒவ்வொருவராக முழுத் தொகையையும் எடுப்பது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நம் சீட்டு. வங்கிகள் கறுப்பருக்கு வீட்டுக்கடன் கொடுக்க மறுத்த காலத்தில் அந்தச் சீட்டுக் காசில்தான் முற்பணம் கட்டியிருக்கிறார்கள். யாராவது காசோடு ஓடிப்போனார்களா என்று கேட்டேன். "ஒருத்தன் ஓடினான், தேவாலயத்திலே வைத்துப் பிடித்தோம்" என்றார்.

தினமும் டூட்டிங் பிரோட்வேக்கு நோர்தேர்ன் லைனில் போகிறவர்கள், மூன்று ஸ்டேஷன் முன்னால் கிளாப்பம் சவுத்தை இனிக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்கும் கீழே, ஆழத்தில், யுத்த காலத்துப் பதுங்குகுழி ஒன்று இருக்கிறது. 1948-இல் போக இடமில்லாத இருநூறுக்கும் மேற்பட்ட விண்ட்ரஷ் பயணிகளை அங்கேதான் படுக்க வைத்தார்கள். கிட்ட இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டன் கோல்ட்ஹார்பர் லேனில். வேலை தேடிப் போன இடத்தின் பக்கத்திலேயே அறையும் தேடினார்கள். பிரிக்ஸ்டன் கரீபியர்களின் பிரிக்ஸ்டன் ஆனது அப்படி. பங்கருக்குள் படுத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள், எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது பிரிஸ்டல். 1963-இல் அந்த ஊர் பஸ் கம்பனி கறுப்பு, மண்ணிறத் தோல்காரரை நடத்துனராகவோ சாரதியாகவோ எடுப்பதில்லை என்று வெளிப்படையாகவே வைத்திருந்தது. கை பெய்லி என்ற ஜமேக்கா இளைஞருக்கு நேர்முகத் தேர்வை ரத்துச் செய்தார்கள். போல் ஸ்டீவன்சன், ரோய் ஹக்கெட் போன்றவர்கள் பஸ்ஸைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். நாலு மாதம் இழுபட்டு, ஆகஸ்ட் 28-ஆம் தேதி கம்பனி இறங்கி வந்தது. அதற்குப் பிறகு வேலைக்கு எடுக்கப்பட்ட முதல் வெள்ளையரல்லாத நடத்துனர் யார் தெரியுமா? ரக்பீர் சிங், ஒரு சீக்கியர். போராடியது கரீபியர்கள், முதல் சீருடை தெற்காசியருக்கு.  1965-இலும் 1968-இலும் வந்த இனத்தொடர்புச் சட்டங்களுக்குப் பின்னால் இந்தப் பகிஷ்கரிப்பும் இருக்கிறது. நம் சங்கத்தில் பஸ் ஓட்டிப் பென்ஷன் எடுத்தவர்கள் ஐந்து பேரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். 83-க்குப் பிறகு நாம் வந்து இறங்கியபோது வாடகைக்கு அறை கேட்டால் நிறத்தைச் சொல்லிக் கதவைச் சாத்துவது சட்ட விரோதமாகியிருந்தது. யாரோ தட்டித் தட்டித் திறந்துவைத்த கதவு அது.

நம் ஆட்களில் இதைப் புரிந்துகொண்டவர் இல்லாமல் இல்லை. இலங்கைத் தமிழரான எழுத்தாளர் அ. சிவானந்தன் 1958-இல் கொழும்பில் கலவரத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், இங்கே நொட்டிங் ஹில்லில் கரீபியரை அடித்துக்கொண்டிருந்தார்கள். வங்கி வேலை பார்த்தவர் நூலகராகி, இனத்தொடர்பு ஆய்வு நிறுவனத்தைத் தலைமை தாங்கி, கறுப்பு என்ற சொல்லுக்குள் தன்னையும் சேர்த்தே கடைசிவரை எழுதினார். 2018 ஜனவரியில் போய்விட்டார். நாம் ஒரு இரங்கல் கூட்டம் வைத்தோமா? இல்லை. அந்த மாதம் பொங்கல் விழா வேலை.

இப்போது கசப்பான ஒன்று. நம் வீடுகளில் அவர்களை 'கறுவல்' என்கிறோம். பிள்ளைகளின் சிநேகிதர் வந்து போனபிறகு அந்தச் சொல் வருகிறது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், என் மகளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். நானும் சொன்னவன்தான். கடல் கடந்துபோன நம் ஆட்களைப் பார்த்தாலாவது வெட்கம் வரும். 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கயானாவுக்குக் கரும்பு வெட்டப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றைக்கும் அங்கே தப்பு அடித்து மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். மேற்கிந்தியத் தீவுகள் அணிக்குச் சுழல்பந்து போட்ட ஒருவரின் பெயர் வீராசாமி பெருமாள். கரீபியர் என்றால் நமக்குச் சம்பந்தமே இல்லாதவர் என்று யார் சொன்னது?

அந்த மாலையில் கொண்டாட்டம் மட்டும் இருக்காது. சிறு பிள்ளைகளாக வந்து, ஐம்பது வருடம் வரி கட்டி, கடைசியில் 'உன் பத்திரம் எங்கே' என்று கேட்கப்பட்டவர்களும் அந்தக் கதிரைகளில் இருப்பார்கள். அவர்கள் வந்ததற்குச் சாட்சியாக இருந்த இறங்கு அட்டைகளை 2010-இல் அரசே அழித்துவிட்டது. வேலையும் மருத்துவமும் போனவர்கள், தவறாக நாடு கடத்தப்பட்டவர்கள் என்று 2018-இல் எல்லாம் வெளியே வந்தபோது உள்துறை அமைச்சர் பதவி விலகினார். நட்ட ஈட்டுத் திட்டம் 2019-இல் தொடங்கியது. காசு கைக்கு வருமுன்னே இறந்துபோனவர்களும் இருக்கிறார்கள். போன வருடம் இரண்டு பாட்டுக்கு நடுவில் பாடகர் ஒரு நிமிடம் நிறுத்தி அவர்களை நினைவுகூர்ந்தார். உள்துறை அமைச்சின் பழுப்புக் கடித உறையைப் பார்த்தாலே வயிறு கலங்குகிற நாம்தான் அந்த நிமிடத்தில் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, என்ன செய்யலாம்? அழைப்புக்கு "நாங்கள் 40 பேர் பார்வையாளராக வருகிறோம்" என்று ஒரு வரியில் பதில் போடுங்கள். பொன்னாடை வேண்டாம், தலைவர் உரை வேண்டாம். தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம், மிருதங்கம் படிக்கிற பெடியள் கட்டாயம் வரட்டும், அந்த மூன்றாவது அடியைப் பிடிக்கிறார்களா பார்ப்போம். சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம்: ஆட்டுக்கறி, தேங்காய்ப்பால் விட்டு அவித்த அவரைச் சோறு, கொச்சிக்காயை மிஞ்சும் உறைப்பு. றோல்ஸ் கொண்டுபோய் விற்கிற யோசனையை மட்டும் இந்த ஒருமுறை விட்டுவிடுங்கள்.

நான் ஆறு டிக்கெட் எடுத்துவிட்டேன். சத்தம் தாங்காது என்று சொல்லும் அம்மம்மாக்களுக்காக ஒரு பெட்டி பஞ்சும் வாங்கி வைத்திருக்கிறேன், வாசலில் தருவேன். அப்புறம், அந்தத் துவாய் இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன், அந்த பேஸ்காரரிடம் கொடுக்கவேண்டும். நடராசரை அலுமாரியிலேயே விட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் பொருளாளர்