ரிப்போர்ட்டில் இருந்த சிவப்புப் புள்ளிகள்

அன்புள்ள செல்விக்கு,

உன் பையனுக்கு எந்தச் சாப்பாடு அலர்ஜி என்று பார்க்க எடுத்த ரத்தப் பரிசோதனை என்று நீ அனுப்பிய ரிப்போர்ட்டை ராத்திரியே இரண்டு முறை படித்துவிட்டேன். 90 உணவுகள், அதில் 17-க்குச் சிவப்புப் புள்ளி. பால், தயிர், முட்டை, கோதுமை, உளுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், இட்லி கேட்டுப் பையன் அழுகிறான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை.

பக்கத்துக்குப் பக்கம் மேலே ஐஜிஜி (IgG) என்று போட்டிருக்கிறது பார், அது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம். அதை அளப்பது அலர்ஜியைக் கண்டுபிடிக்கிற பரிசோதனை இல்லை, செல்வி. நாம் வழக்கமாகச் சாப்பிடுவதற்கெல்லாம் உடம்பு ஐஜிஜி-யை உண்டாக்கும், அந்தச் சாப்பாடு உள்ளே போய்ப் பழகியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். தினமும் இட்லியும் தயிர்சாதமும் சாப்பிடுகிற பிள்ளைக்கு உளுந்தும் தயிரும் சிவப்பாக வராமல் வேறு எது வரும்? இதை வைத்து அலர்ஜி என்று முடிவு கட்டக் கூடாதென்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் 2008-லேயே சொல்லிவிட்டார்கள், கனடாவிலும் 2012-ல் அதையே சொன்னார்கள்.

அலர்ஜிக்குப் பார்ப்பது ஐஜிஇ (IgE) என்ற வேறு வகை எதிர்ப்புப் புரதம். அதன் அளவும் 0.35 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்காக அலர்ஜி என்று சொல்லிவிட முடியாது. என் பெரியவளுக்கு இறாலுக்கு 2-க்கு மேல் வந்தது, ஆனால் இறால் தொக்கு என்றால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள், ஒரு தடிப்புகூட வந்ததில்லை. டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "மெத்தையை உதறினால் தும்முவாளா?" என்று கேட்டார். தூசியில் இருக்கும் நுண்பூச்சியிலும் இறாலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் புரதம் உண்டாம், அதனால் ஒன்றுக்கு உருவான ஐஜிஇ இன்னொன்றுக்கும் காட்டுமாம். அதே சமயம், ஏதோ ஒன்றைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ, எண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உன் பையனுக்குப் பால் குடித்தால்தானே வயிறு உப்புகிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது என்றாய்? அது பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததாக இருக்கலாம், அது ஐஜிஜி-யிலும் தெரியாது, ஐஜிஇ-யிலும் தெரியாது. அப்புறம் கோதுமை. சீலியாக், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டனால் குடல் பாதிக்கப்படுகிற நோய், இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு, ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது எடுத்தால்தான் சரியாக வரும், நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம்.

அலர்ஜி பார்க்கிற நல்ல டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கேட்டு வை. என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு வலித்தது என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுது, டாக்டருக்கு அந்த ரிப்போர்ட்டைவிட அது உதவும். உளுந்தால் இதுவரை அவனுக்கு ஒன்றும் ஆனதில்லை என்றால் இன்றைக்கே ஊறப்போடு. காலையில் அவன் எத்தனை இட்லி சாப்பிட்டான் என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
மல்லிகா