தேர்வு முடியும்வரை வீடும் ஊரும் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்தால் நம் பக்கத்தில் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் காய் பிடிக்கும். கோயில்களில் மாசிமகம், அடுத்து பங்குனி உத்திரம். இதற்கு நடுவே பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. "புத்தகத்தைத் திறந்தா மனசு நிக்க மாட்டேங்குது" என்று பிள்ளைகள் சொல்வதும், "கவனமாப் படி" என்று பெற்றோர் பதில் சொல்வதும் இந்த மாதங்களில்தான் அதிகம். அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, எந்த நேரம், யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே மனம் நிற்கும்.

தொகையீட்டுக் கணக்கின் பாதியில் இருக்கும் மாணவியைப் பாருங்கள். எதைப் பிரதியிட்டோம், எங்கே குறி மாறியது, அடுத்து எந்தச் சூத்திரம் என்று மூன்று நான்கு செய்திகளை ஒரே சமயத்தில் மனதில் ஏந்தியிருக்கிறாள். மனித மனம் ஒரு நேரத்தில் தாங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்போது "கால் கிலோ சர்க்கரை வாங்கிட்டு வாம்மா" என்றால், கடைக்குப் போன ஐந்து நிமிடத்தோடு அந்த இழப்பு முடிவதில்லை. ஏந்தியிருந்தது அத்தனையும் கொட்டிப்போய், முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏவல் வேலைகளைப் பிள்ளை உட்காருவதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுங்கள். நடுவில் நினைவுக்கு வந்தால் எழுந்து வரும்வரை பொறுங்கள்.

செல்போனை வேறு அறையில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சத்தத்தையும் அதிர்வையும் நிறுத்திய போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட, வேறு அறையில் விட்டுவந்தவர்கள் நினைவுத்திறன் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள். பின்னால் செய்து பார்த்த சிலருக்கு அந்த வேறுபாடு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எழுந்துபோய் எடுக்க வேண்டிய போனைக் கை தானாகத் தடவாது என்பதற்கு ஆய்வு தேவையில்லை. ஒரே அறை உள்ள வீடென்றால் பரண்மேல் வைக்கலாம். முக்காலி போட்டு ஏற வேண்டியிருந்தால் பாதி ஆசை அதிலேயே அடங்கிவிடும்.

பள்ளிப் பாடமே வாட்ஸ்அப்பில்தானே வருகிறது என்பார்கள். மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, வந்ததைத் தாளில் எழுதிக்கொண்டு போனை ஒப்படைத்துவிடலாம். குழுக்களின் ஒலியை 'எப்போதும்' என்று முடக்கலாம். வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா கூப்பிடுவாரே என்ற கவலைக்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு போன்களில் 'தொந்தரவு செய்யாதே' வசதியைப் போட்டு, அவர் எண்ணை மட்டும் விலக்கில் சேர்த்தால் அந்த அழைப்பு ஒலிக்கும். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தாலும் ஒலிக்கும்படி அமைக்கலாம். செயலிகளுக்கு நேரக் கட்டுப்பாடு போடுவதை மட்டும் நம்ப வேண்டாம். போட்ட பிள்ளையே அரை நிமிடத்தில் எடுத்துவிடும். அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் போதும். அதற்காகப் போனைப் பக்கத்தில் வைத்தால் வந்த இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

உட்காரும் நேரத்தைச் சிறிதாகத் தொடங்குங்கள். பதினைந்து நிமிடம்கூடத் தரிக்க முடியாத பிள்ளையை இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னால் கண் மட்டும்தான் புத்தகத்தில் இருக்கும். 15 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. மூன்று நாளைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டி 45-க்கு வாருங்கள். ஓய்வில் கொல்லைப்புறம் நடக்கலாம், முகம் கழுவலாம். ரீல்ஸ் பார்க்கக் கூடாது. பெரும்பாலும் இந்த முறை உடைவது அங்கேதான். படிக்கும்போது வேறு நினைப்பு வந்தால் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளில் ஒரு சொல் குறித்துவிட்டுப் படிப்பைத் தொடர வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதும் அண்ணன், அக்காமார்களுக்கு 3 மணி நேரத்தில் 200 கேள்விகள், ஒன்றுக்கு 54 விநாடி. அவர்கள் வாரம் ஒரு நாளாவது மூன்று மணி நேரம் எழாமல் மாதிரித் தேர்வு எழுதிப் பழக வேண்டும்.

திரும்பத் திரும்ப வாசிப்பதில் மனம் எளிதில் நழுவும். ஒரு பக்கம் முடிந்ததும் மூடிவைத்து, நினைவிலிருப்பதை எழுதிப் பாருங்கள். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

கணக்கும் இயற்பியலும் விடியற்காலை நாலரைக்கு வைத்துக்கொள்ளலாம், இரவு ஒன்பதரைக்குள் தூங்கினால் மட்டும். பதினொன்றரை வரை சீரியல் ஓடும் வீட்டில் விடியற்காலைப் படிப்பு வெறும் தூக்கக் கலக்கம். மதியம் சோறு உண்டபின், ஓட்டு வீட்டு வெக்கையில், வரைபடம் குறிப்பது போன்ற கைவேலைகள் போதும். கொசுவுக்குப் பயந்து வலைக்குள் படுத்துக்கொண்டு படித்தால் தூக்கம்தான் வரும். வலைக்குள்ளேயே மணையில் நிமிர்ந்து உட்காரட்டும்.

இனி ஊரைப் பற்றி. தூரத்து நாகஸ்வரத்தைவிட, சொற்கள் உள்ள பாட்டுதான் படிப்பை அதிகம் கெடுக்கும். படிக்கும் சொற்களும் கேட்கும் சொற்களும் மனதில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்வு தரலாம். விடியற்காலைக்கு அந்தத் தளர்வு கிடையாது. ஆகவே நாலரை மணிக்குக் கூம்பு ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவது விதிமீறல்தான்.

திருவிழா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விழாக் குழுவினர் மைக்செட்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போதே நான்கைச் சொல்லிவிடுங்கள்: கூம்பு வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் கோயில் உள்பக்கம் பார்த்து இருக்கட்டும், இரவு ஏழு முதல் ஒன்பதரை வரை பாட்டு நிற்கட்டும், காலையில் ஆறுக்குப் பிறகே தொடங்கட்டும். தேர்வு அட்டவணையைப் பார்த்து, மறுநாள் தேர்வுள்ள இரவுகளில் கச்சேரி வைக்காதீர்கள். உளுந்து எடுக்கப் பிள்ளைகளைக் கூப்பிடும் வீடுகளும் அதே அட்டவணையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பொதுத்தேர்வு மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள்,
திருவிடைமருதூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.